ஏட்டுப் பிழையும் சாதிப் பெருமையும்

"முதற்குடி நாங்கள்! முதல் மனிதன் எங்கள் குருதி! மற்றவரெல்லாம் எங்களுக்குப் பின் வந்தவர்!"

இப்படி ஒரு முழக்கம் இப்போது காதில் விழுகிறது. சிம்மக்கல்லிலிருந்து யானைக்கல் வரை நடந்து பாருங்கள், தோழர்களே! சுவரெல்லாம் சுவரொட்டி. சிங்கமும் புலியும் சீறுகின்ற அந்தச் சாதி விழாச் சுவரொட்டிகளிலே முன்பெல்லாம் மன்னர்களைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஒரே மன்னனுக்கு ஐந்து சாதியார் உரிமை கொண்டாடி, அவன் ஒருவனுக்கே ஐந்து ஊர்வலம் நடத்துவார்கள். சேரனும் சோழனும் பாண்டியனும் தீர்ந்துவிட்டார்கள் போலும்! இனி மன்னன் போதாது, மனித குலத்தின் மூலவனே வேண்டுமாம். மூலவனைத் தேடி நேற்றுவரை புராணத்துக்குள் புகுந்தார்கள். இன்று விஞ்ஞானக் கூடத்துக்குள்ளேயே புகுந்துவிட்டார்கள், தோளிலே சாதியைச் சுமந்துகொண்டு!

என்ன நடந்தது? மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலே நோய்த்தடுப்பாற்றல் துறைப் பேராசிரியராக விளங்கிய இராமசாமி பிச்சப்பன், 1990களில் மதுரை வட்டாரத்து மக்கள் பலரின் குருதியைச் சேகரித்து ஆய்ந்தார். ஸ்பென்சர் வெல்ஸ் என்ற அமெரிக்க மரபியல் அறிஞர் அவருடன் இணைந்தார். மதுரை மாவட்டத்துச் சோதிமாணிக்கம் என்னும் சிற்றூரைச் சேர்ந்த, பிறமலைக் கள்ளர் சமூகத்து இளைஞர் ஒருவரின் குருதியிலே எம்-130 என்று பெயரிட்ட ஒரு குறி தென்பட்டது. ஆப்பிரிக்காவை விட்டுக் கிளம்பி, ஆசியாவின் தென்கரையோரமாகவே தலைமுறை தலைமுறையாக நடந்து, ஆஸ்திரேலியா வரை சென்றடைந்த பழம்பெரும் மனிதக் கூட்டத்தின் தடம் அது என்றார்கள் ஆய்வாளர்கள். ஆஸ்திரேலியப் பழங்குடி ஆடவரில் கணிசமானோர் அந்தக் குறியின் கிளையைத் தாங்கியவர்கள். இடைவழியிலே எங்கேனும் அந்தத் தடம் இருந்தாகவேண்டுமே என்று தேடியவர்களுக்கு, அது வைகை பாயும் சீமையிலே கிடைத்தது. 2002இல் வெல்ஸ் இதை நூலாக எழுதினார். 2003இல் படமாகவும் வந்தது. உலகம் வியந்தது. வியக்கத்தக்க செய்திதான், ஐயமில்லை!

ஆனால் இந்த ஒரு துளிக் குருதியை வைத்துக் கோபுரம் கட்டக் கிளம்பியவர்களைத்தான் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அந்தக் குறி என்பது என்ன? நான் தமிழ் இலக்கியம் படித்தவன். விஞ்ஞானக் கூடத்து வேலைக்காரன் அல்லன். ஆயினும் ஏடு பெயர்த்தெழுதிய கதையை அறிந்தவர்க்கு இது எளிதில் விளங்கும். பனையோலையிலே இருந்த நூலை ஒருவன் பார்த்து மற்றோர் ஓலையில் எழுதுகிறான். எழுதும்போது ஓரிடத்திலே ஓர் எழுத்தைப் பிழையாக எழுதிவிடுகிறான். அந்த ஏட்டைப் பார்த்து எழுதுகிறவனும் அதே பிழையை எழுதுகிறான். அவனைப் பார்த்து எழுதுகிறவனும் அப்படியே. நூறு ஆண்டு கழித்துப் பதிப்பாசிரியர் ஏடுகளை ஒப்பிடும்போது, 'இந்தப் பிழை உள்ள ஏடுகளெல்லாம் ஒரே மூல ஏட்டிலிருந்து வந்தவை' என்று கண்டுகொள்கிறார். பாடபேதத்தை வைத்து ஏடுகளின் வமிசாவளியை வகுப்பது இப்படித்தான்.

தந்தையின் உடலிலிருந்து மகனுக்கு மட்டும் போகும் ஏடு ஒன்று உண்டு. ஒய் குரோமோசோம் என்பது அதன் பெயர். தலைமுறைதோறும் அது படியெடுக்கப்படுகிறது. எப்போதோ ஒருமுறை ஓர் எழுத்து பிழைபடுகிறது. அந்தப் பிழை மகனுக்கும் பேரனுக்கும் கொள்ளுப்பேரனுக்கும் அழியாமல் போய்ச் சேருகிறது. எம்-130 அத்தகைய பிழைகளுள் ஒன்று. அதனால் அதைத் தாங்கியவனுக்கு வலிமையும் இல்லை, அறிவும் இல்லை, வீரமும் இல்லை, நிறமும் இல்லை. எழுத்தன் கை தவறிய இடம்! அந்தக் கைப்பிழைக்குத்தான் காவடி எடுக்கிறார்கள் நம்முடைய பெருமைக்காரர்கள்!

அந்த ஏட்டிலே எத்தனை பங்கு நாம் என்பதையும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். என் வகுப்புப் பிள்ளைகளே கரும்பலகையில் போட்ட கணக்குத்தான் இது. எனக்குத் தாய் தந்தை இருவர். அவர்களுக்குப் பெற்றோர் நால்வர். அதற்கு மேலே எண்மர். பத்துத் தலைமுறைக்கு மேலே போனால் 1,024 இடங்கள். இருபது தலைமுறைக்கு மேலே, அதாவது விசுவநாத நாயக்கர் மதுரைக்கு வந்த காலத்தை ஒட்டி, 10,48,576 இடங்கள். ஒரே முன்னோர் பல இடங்களை நிரப்புவதுண்டு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இத்தனை இடங்களில் ஒய் குரோமோசோம் காட்டுவது ஒரே ஓர் இடத்தைத்தான்: தந்தையின் தந்தையின் தந்தையின் தந்தையை. பத்து லட்சம் பேர் நின்ற ஊர்வலத்திலே ஒருவனுடைய தலைப்பாகையை மட்டும் பார்த்துவிட்டு, 'ஊர்வலம் முழுவதும் எங்கள் ஆட்கள்' என்பதற்கு என்ன பெயர் வைப்பது?

சரி, அந்தத் தலைப்பாகைக்காரனின் உறவு முறையாவது இவர்கள் சாதிக்குள் அடங்குகிறதா என்றால், அதுவும் இல்லை. அந்தச் சாதியாரிலேயே பெரும்பாலோரிடம் எம்-130 இல்லை. இந்திய ஆடவரிடையே அது அருகிய குறி. அருகிக் கிடந்தாலும் வெவ்வேறு மாநிலத்தாரிடமும், வெவ்வேறு சாதியாரிடமும் சிதறிக் கிடக்கிறது. கடலுக்கு அப்பாலோ அதன் கிளைகள் காடாய்ப் படர்ந்திருக்கின்றன. மங்கோலியரிடமும் கசாக்கியரிடமும் அதன் ஒரு கிளை மிகுதி. செங்கிசுக்கானின் வழித்தோன்றல்களாக இருக்கலாம் என்று 2003இல் ஆய்வாளர் ஊகித்துச் சொன்ன அந்தப் புகழ்பெற்ற குறிக் கூட்டம், பசிபிக் கரையிலிருந்து காசுப்பியன் கடல் வரை நூற்றில் எட்டு ஆடவரிடம் காணப்படுவது, இந்தப் பெருமரத்தின் கிளைதான். ஜப்பானியருள் சிலரிடம் ஒரு கிளை. வட அமெரிக்கப் பழங்குடியினர் சிலரிடம் ஒரு கிளை. உருசியாவில் கோஸ்தென்கி என்னுமிடத்தில் ஏறத்தாழ 37,000 ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்டவனும் இந்தக் குலத்தவன். ஸ்பெயின் நாட்டுக் குகையொன்றில் ஏழாயிரம் ஆண்டுகளுக்கு முன் மாண்ட வேடன் ஒருவனின் எலும்பை 2014இல் ஆய்ந்தார்கள். கறுத்த மேனி, நீல விழி, தந்தை வழியோ இதே பெருங்குலம்! சாதிச் சங்கத்து உறுப்பினர் பட்டியலில் அவனுக்கும் ஓர் எண் கொடுப்பார்களா?

ஆஸ்திரேலியப் பழங்குடியாரை நம்முடைய நேர்ப் பங்காளிகள் என்று மேடையில் முழங்குகிறவர்களும் உண்டு. 2016இல் வெளிவந்த ஆய்வு அவர்களுடைய ஒய் குரோமோசோமை முழுமையாகப் படித்துப் பார்த்தது. இந்தியக் கிளையும் ஆஸ்திரேலியக் கிளையும் பிரிந்து ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகிறது; சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கிருந்து ஆடவர் கூட்டம் அங்கே போயிற்று என்ற பழைய கருத்துக்கு அந்த ஏட்டிலே ஆதாரம் இல்லை என்று முடிவு கண்டார்கள். ஐம்பதாயிரம் ஆண்டு! அன்றைக்குச் சாதி ஏது? நெல் ஏது? ஊர் ஏது? கடவுளுக்குப் பெயராவது இருந்திருக்குமா?

இதையெல்லாம் விளையாட்டாகச் சொல்லிவிட்டுப் போய்விடலாம். போக முடியாதபடி ஒரு செய்தி வழியை மறிக்கிறது.

எந்த மக்களின் குருதியிலே 'முதல் மனிதன்' இருக்கிறான் என்று இன்று பேசுகிறார்களோ, அதே மக்களின் குருதியிலே 'திருட்டு' இருக்கிறது என்று ஒரு காலத்தில் சட்டமே எழுதி வைத்திருந்தார்கள்! 1871இல் வெள்ளையராட்சி குற்றப்பரம்பரைச் சட்டத்தை இயற்றியது. 1911இல் அதைத் திருத்திச் சென்னை மாகாணத்துக்கும் நீட்டியது. பிறமலைக் கள்ளர் அதில் சேர்க்கப்பட்டனர். குற்றம் செய்தவனைப் பிடிப்பதற்கு அந்தச் சட்டம் தேவைப்படவில்லை. பிறந்தவனைப் பிடிப்பதற்கே தேவைப்பட்டது. ஆடவர் கைரேகையைப் பதிய வேண்டும், இரவிலே காவல் நிலையத்தில் முகம் காட்ட வேண்டும், சீட்டு இல்லாமல் ஊரை விட்டு நகரக்கூடாது. உசிலம்பட்டிச் சீமையிலே பெருங்காமநல்லூர் மக்கள், 'கைரேகை வைக்கமாட்டோம்' என்று எழுந்தார்கள். 1920 ஏப்ரல் 3ஆம் நாள் துப்பாக்கி வெடித்தது. மாயக்காள் என்னும் பெண் உட்படப் பதினாறு பேர் மண்ணில் சாய்ந்தார்கள். 1947இல்தான் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது.

சிந்தித்துப் பாருங்கள், தோழர்களே! 'இவர்கள் குருதியிலே குற்றம் இருக்கிறது' என்று சொன்ன வெள்ளைக்கார அதிகாரியும், 'எங்கள் குருதியிலே முதன்மை இருக்கிறது' என்று சொல்லுகிற இன்றைய சங்கத் தலைவரும் ஒரே பள்ளியில் ஒரே பாடம் படித்தவர்கள் அல்லவா? மனிதனின் தகுதி அவன் பிறப்பிலே எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான் அந்தப் பாடம். மனு படித்த பாடமும் அதுவே. அன்றைக்கு அந்தப் பாடத்தால் பதினாறு பிணம் விழுந்தது. அந்தப் பிணங்களின் பேரன்மாரே அதே பாடத்தைத் தங்கமுலாம் பூசித் தலையில் வைத்துக்கொண்டால், பெருங்காமநல்லூரின் எதிர்ப்புக்கு என்ன பொருள்?

இன்னொன்று. அந்த மக்களுக்காக வழக்குமன்றத்தில் வாதாடியவர் யார்? மதுரையிலே தொழில் நடத்திய பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப். கேரளத்துச் செங்கன்னூரில் பிறந்தவர், கிறித்தவர். 'ரோசாப்பூ துரை' என்று அந்த மக்களே அன்புப் பெயர் சூட்டினார்கள். அவருடைய தந்தை வழிக் குறி எது என்று எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவரை வாயிலிலேயே நிறுத்தியிருக்க வேண்டும்!

பிறரை மட்டும் இடித்துரைத்துவிட்டு நம்மவரை விட்டுவிட்டால் அது பகுத்தறிவாகாது. நம் அணியிலும் சிலர் இந்தச் செய்தியைக் கையில் எடுத்துக்கொண்டு, 'உலகின் முதல் மனிதன் தமிழன், இதோ சான்று' என்கிறார்கள். கைதட்டலுக்கு ஏற்ற பேச்சு. கணக்குக்கு ஒவ்வாத பேச்சு. கீழடியிலே கிடைத்த எழுத்துப் பொறித்த பானையோடுகளுக்குத் தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் சொன்ன காலம் கி.மு. ஆறாம் நூற்றாண்டு. நம் மொழிக்குப் பெருமை சேர்க்க அதுவே போதும். எம்-130 தோன்றிய காலத்திலோ தமிழும் இல்லை, வடமொழியும் இல்லை, இன்றைக்கு உலகம் பேசும் எந்த மொழியும் இந்த உருவில் இல்லை. மொழி நாவிலே வளர்வது, குருதியில் ஊறுவதில்லை. மதுரையிலே சௌராட்டிரர் தமிழ் பேசவில்லையா, தமிழ்ப் பாட்டெழுதவில்லையா? தமிழன் என்பதற்குச் சான்றிதழ் தருகிற வேலையைக் குருதிச் சோதனைக் கூடத்திடம் ஒப்படைத்தால், நாளைக்கு நம்மில் பாதிப்பேர் வெளியே நிற்க நேரும்.

வடக்கேயிருந்து வந்தவர் கதையும் அப்படியே. ஆரியர் வரவே கட்டுக்கதை, எல்லாம் இங்கேயே முளைத்தது என்று சாதித்தவர்களுக்கு 2019இல் அறிவியல் நல்ல விடை கொடுத்தது. பழங்கால மனிதர் 523 பேரின் எலும்புகளைப் படித்த அந்த ஆய்வு, கி.மு. இரண்டாயிரத்துக்குப் பின் நடு ஆசியப் புல்வெளி வழியே மேய்ச்சல்காரர் வழியினர் தெற்காசியாவுக்குள் வந்து கலந்ததைக் காட்டியது. நாம் சொல்லி வந்தது பொய்யில்லை என்று மகிழ்வோம். ஆனால் 'வந்தான்' என்ற சொல்லோடு நிறுத்திவிடாமல், 'கலந்தான்' என்ற சொல்லையும் படிக்கும் நேர்மை வேண்டும். ஆர்-1ஏ என்னும் குறியைப் பார்ப்பனக் குறி என்று சிலர் எண்ணுகிறார்கள். அது ஆந்திரத்துக் காடுகளில் வாழும் செஞ்சுப் பழங்குடியினரிடமும் கணிசமாக இருக்கிறது. குறி எந்த அக்கிரகாரத்துக்குள்ளும் அடைந்து கிடக்கவில்லை. எந்தச் சேரியையும் கண்டு ஒதுங்கவுமில்லை. வேலியை மதிக்காத ஒன்று உண்டென்றால் அது இதுதான்!

அப்படியானால் வேலி எப்போது போட்டார்கள்? இங்கேதான் மரபணு அறிவியல் சாதிக்கு வைக்கும் உண்மையான வேட்டு இருக்கிறது. சங்கத் தலைவர்கள் படிக்காத பக்கம் அது. 2013இல் ஐதராபாத்து உயிரணு மூலக்கூற்று உயிரியல் மையத்தாரும் ஹார்வர்டு அறிஞர்களும் சேர்ந்து 73 மக்கட் கூட்டங்களை ஆய்ந்தார்கள். ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன்னிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்வரை இந்தியாவில் எல்லாரும் எல்லாரோடும் கலந்தார்கள். பில், சமார், கள்ளர் என்று தனித்திருந்ததாக எண்ணப்படும் கூட்டத்தாரும் அந்தக் கலப்புக்கு விலக்கல்லர். அதன் பிறகு கதவு அடைபட்டது, அகமணம் இறுகியது. ஆக, கலப்பு மூத்தது, சாதி இளையது. 'ஆதிமுதல் கலவாத குலம்' என்று மார்தட்டுகிறவனுடைய மார்பின் ஒவ்வோர் அணுவிலும் அந்தக் கலப்பு இருக்கிறது.

உடனே ஒருவர் எழுந்து, 'பிச்சப்பனார் குழுவே 2012இல் தமிழ்நாட்டில் 1,680 ஆடவரை ஆய்ந்து, கூட்டங்கள் சாதிக்கு முன்பே வேறுபட்டுவிட்டன என்று சொல்லவில்லையா?' என்பார். சொன்னார்கள், நன்றாகவே சொன்னார்கள். வேளாண்மை பரவியபோது மலையில் வேட்டையாடியவன் ஒரு பக்கம், வயலில் உழுதவன் ஒரு பக்கம் என்று வாழ்க்கை முறையால் மக்கள் பிரிந்தார்கள் என்பது அதன் சாரம். நிலமும் பிழைப்பும் பிரித்தன. ஒருவன் காலில் பிறந்தான், ஒருவன் தலையில் பிறந்தான் என்ற கதை பிற்பாடு ஒட்டப்பட்ட சீட்டு!

அந்த அடைத்த கதவு என்ன செய்தது? 2017இல் தெற்காசியாவின் 263 கூட்டங்களை ஆய்ந்ததில், அவற்றுள் 81 கூட்டங்கள் பின்லாந்தியரைவிடவும் ஐரோப்பிய அஷ்கெனாசி யூதரைவிடவும் கடுமையாகச் சிறு முன்னோர் வட்டத்துக்குள் குறுகிக் கிடப்பது தெரிந்தது. அந்த இருவரும் பரம்பரை நோய்களுக்கு மருத்துவ உலகில் பெயர்போனவர்கள். ஆந்திரத்து வைசியரிடையே அறுவை மேசையில் கொடுக்கும் ஒரு தசைத் தளர்வு மருந்தை உடல் முறிக்க இயலாத குறை மிகுதி. மருத்துவர் முன்பே கேட்டறிந்து மருந்தை மாற்ற வேண்டியிருக்கிறது. 'பெருமை' என்று வாசலில் எழுதிய வீட்டுக்குள்ளே நோய் பரம்பரைச் சொத்தாகப் பங்கு பிரிக்கப்படுகிறது. அந்தக் கதவைத் திறந்து வெளியே கால் வைத்தவர்களுக்கோ அரிவாள்! 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்தருகே, பட்டப்பகலில், சாதி மீறி மணந்த இளைஞனை வெட்டிச் சாய்த்ததை நாடே ஒளிப்படத்தில் கண்டது. எதைக் காக்க வெட்டினார்கள்? இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே கலந்துபோன குருதியின் தூய்மையை!

தந்தை வழிப் பெருமையில் இன்னொரு நஞ்சும் உண்டு. என் வகுப்பிலே இந்தச் செய்தியை விளக்கியபோது ஒரு மாணவி எழுந்து, "ஐயா, அந்தக் குறி எனக்கு உண்டா?" என்றாள். இல்லை என்றேன். பெண்ணுக்கு ஒய் குரோமோசோமே கிடையாது. "அப்படியானால் நான் எந்தக் குடி?" என்றாள். அவள் கேட்ட கேள்வியைக் கோத்திரம் வகுத்தவர்களிடம் கேட்டிருக்க வேண்டும். தந்தை, தந்தைக்குத் தந்தை, அவனுக்குத் தந்தை என்று ஆண்களை மட்டும் எண்ணி, பெண்களைக் கொள்கலமாக்கிய கணக்கு அவர்களுடையது. தாய் வழியாக மட்டும் வரும் ஏடும் நம் உடலில் இருக்கிறது. மகனுக்கும் மகளுக்கும் தாயே அதைத் தருகிறாள். அதை வைத்து எந்தச் சங்கமாவது சுவரொட்டி அடித்ததுண்டா? அடிக்கமாட்டார்கள். ஆண் வழி ஒன்றே வழி என்று நம்பிய நாட்டிலேதான் 1980களில் உசிலம்பட்டி வட்டாரத்திலும் சேலம், தருமபுரிப் பக்கத்திலும் பெண் சிசுக்களுக்குக் கள்ளிப்பால் ஊற்றினார்கள். வறுமையும் வரதட்சணையும் அதற்குக் காரணம். 'வமிசம் விளங்க ஆண்' என்ற எண்ணமும் காரணம். 1992இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டிய நிலை வந்தது. தந்தை வழிக் குறியைத் தலைமேல் தூக்கி ஆடுவோர், அந்தத் தொட்டில்களைக் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டு ஆடட்டும்.

அந்தச் சோதிமாணிக்கத்து இளைஞர் மீது நமக்கு யாதொரு மனத்தாங்கலும் இல்லை. கேட்டவுடன் குருதி கொடுத்து உலக அறிவுக்கு உதவிய அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். ஐம்பதாயிரம் ஆண்டுப் பயணத்தைத் தேடிக் கண்ட பேராசிரியருக்கும் நன்றி. கொந்தகைத் தாழிகளில் கிடைத்த எலும்புகளையும் இதே பல்கலைக்கழகத்தார் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டனர். அந்த முடிவுகளையும், அவை எப்படி இருந்தாலும், ஏற்போம். நம்முடைய வழக்கு ஆய்வாளரோடு இல்லை, அச்சகத்துக்கு ஓடுகிறவர்களோடுதான்.

அவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த விழாவுக்குச் சுவரொட்டி அடிக்கும்போது 'பங்காளிகள் அனைவரும் வருக' என்று போடுவீர்களல்லவா? பட்டியலைச் சரியாகப் போடுங்கள். மங்கோலியாவுக்கு ஓர் அழைப்பு, கசாக்கியருக்கு ஓர் அழைப்பு, ஜப்பானுக்கு ஒன்று, ஆஸ்திரேலியப் பாலைவனத்துக்கு ஒன்று, ஸ்பெயின் குகைக்கு ஒன்று, இந்தியாவில் அதே குறியைத் தாங்கிய எல்லாச் சாதியாருக்கும் ஒன்று. உங்கள் சாதியிலேயே அந்தக் குறி இல்லாத பெரும்பாலோரை என்ன செய்வதென்று செயற்குழு கூட்டி முடிவு செய்துகொள்ளுங்கள். பந்தி மட்டும் ஒரே பந்தியாக இருக்கட்டும். இலையைத் தனித்தனியே போட்டால் விருந்தாளிகளுக்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.